சனிக்கிழமை மீத்திறன் வகுப்பு: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் இடையில் இயங்கும் ஒரு தனியார் பள்ளி, மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் மீத்திறன் மாணவர்களுக்காக, அதாவது வயதுக்கு மீறிய கற்கும் திறனுள்ள பிள்ளைகளுக்காகச், சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு நடத்துகிறது. என் மகள் அதில் இரண்டு ஆண்டுகளாகப் படிக்கிறாள். வார நாட்களிலும் அவளுக்கு அதே பள்ளிதான். குறைகளையும் சேர்த்து எழுதப்போவதால் பள்ளியின் பெயரை விட்டுவிடுகிறேன். சென்னிமலையில் ஒரு கைத்தறிச் சங்கத்தில் கணக்கு எழுதுவது என் வேலை என்பதால், முதலில் கணக்கையே சொல்லிவிடுகிறேன். முதலாண்டுக் கட்டணம் 14,000 ரூபாய், இரண்டாம் ஆண்டில் அது 16,500 ஆனது. இரண்டு தவணையாகக் கட்டலாம். ஆண்டுக்கு 30 சனிக்கிழமை, காலை 9.30 முதல் 12.30 வரை, ஆக 90 மணி நேரம். மணிக்கு 155 ரூபாய் சொச்சமாக இருந்தது 183 ரூபாய் சொச்சமாக உயர்ந்திருக்கிறது. மொத்தம் 24 பிள்ளைகள், ஆசிரியர்கள் மூவர். வேன் கட்டணம் தனி.

கொடுத்த பணத்துக்குச் சனிக்கிழமை வகுப்பு ஈடு செய்கிறது என்பதே என் கருத்து. ஆனால், அந்த வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த விதம் முதலாண்டில் சரியில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை அதே பிள்ளைகளுக்கு நடப்பது இன்றும் முழுதாகச் சரியாகவில்லை.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். முதலாண்டின் ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர், தறி ஓட்டுவதை நிறுத்திவிட்ட ஒரு வீட்டிலிருந்து துணியில் பூ வேலைப்பாடு நெய்ய உதவும் பழைய ஜக்கார்டு அட்டைக் கட்டு ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். அன்று பெற்றோரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்ததால் நானும் பின் வரிசையில் இருந்தேன். கயிற்றால் ஒன்றோடொன்று கோத்து, ஓரம் தேய்ந்து, எண்ணெய்க் கறை ஏறிப்போன அட்டைகள் அவை. அது என்ன பொருள் என்று அவர் சொல்லவேயில்லை. இருபது நிமிடம் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கவும், தோன்றிய கேள்விகளைத் தாளில் எழுதவும் விட்டுவிட்டார். அதன் பிறகுதான் விளக்கம் வந்தது: அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போய், நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே கிடக்கும், தூக்கிய நூலுக்கும் கிடக்கும் நூலுக்கும் நடுவே நாடா என்ற ஓடக்கட்டை குறுக்குவாக்கில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும், ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை வேண்டும். 1804-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் வடிவமைத்த இந்த ஏற்பாட்டின் துளையட்டைகள்தான் பின்னாளில் கணிப்பொறிக்குக் கட்டளை கொடுக்கும் அட்டைகளுக்கு முன்மாதிரியாக அமைந்தன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவர் கரும்பலகைக்குத் திரும்பினார்.

கேள்வி எளியதுதான். ஓர் அட்டையில் எட்டு இடங்கள் இருந்தால், துளையிட்டும் இடாமலும் எத்தனை விதமான அட்டைகள் செய்ய முடியும்? பெரும்பாலான பிள்ளைகள் கட்டத்தாளில் ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினார்கள். என் மகள் ஓரிடம், ஈரிடம், மூன்றிடம் என்று சிறியதிலிருந்து போய், 2, 4, 8 என்று இரட்டிப்பதைக் கண்டுகொண்டு 256 என்றாள். அதற்குப் பாராட்டு வரும் என்று நான் எதிர்பார்த்தேன், அவர் பாராட்டவில்லை. "உங்க ஊர்த் தறியில 240 கொக்கி இருக்குதே, அதுக்கு எத்தனை?" என்று கேட்டார். அவள் விழித்தாள். "விடையே வேண்டாம் கண்ணு, அந்த எண்ணுல எத்தனை இலக்கம் வரும்னு மட்டும் யோசிச்சுட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் எல்லாம் பின்புறம் நிரம்பின. இருபதாவது இரட்டிப்பில் 10,48,576 வந்தபோது அவள் நிறுத்தி, பத்து முறை இரட்டித்தால் 1,024, அதாவது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, ஆகவே பத்துக்கு மூன்று சுழியம் கூடும் என்று பிடித்துக்கொண்டாள். 240-இல் இருபத்து நான்கு பத்துகள் உண்டு, 72 சுழியம், முன்னால் ஓர் இலக்கம் சேர்த்தால் 73. அடுத்த சனிக்கிழமை விடையோடு ஓர் ஐயத்தையும் கொண்டுபோனாள்: 1,024-இல் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்ட அந்த 24 சேர்ந்து சேர்ந்து இன்னோர் இலக்கத்தைக் கூட்டிவிடாதா? அந்த ஐயத்துக்காக அவர் கால் மணி நேரம் ஒதுக்கினார். சேர்ந்தது இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை, எனவே 73 இலக்கம்தான் என்று பிள்ளைகளே கண்டார்கள். அட்டையில் துளை அடிக்கும் கூலியைப் பல ஆண்டுகளாகப் பேரேட்டில் எழுதிவரும் எனக்கு, அந்த அட்டைக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

மீத்திறன் வகுப்பு என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது அடுத்த வகுப்புப் பாடத்தை இந்த ஆண்டே நடத்துவதுதான். இங்கு அப்படிச் செய்யாமல் ஒரே பொருளில் ஆழமாக இறங்க விட்டதையே நான் முதல் நிறையாகக் கருதுகிறேன். எல்லாச் சனிக்கிழமையும் இந்தத் தரத்தில் இருந்தன என்று சொல்ல முடியாது. ரோபோட்டிக்ஸ் என்ற பெயரில் ஐந்து வாரம் ஓடியது. பெட்டியில் வந்த பாகங்களைப் படத்தைப் பார்த்துப் பொருத்துவதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. சதுரங்கம் வீட்டிலேயே ஆடலாம். கோயம்புத்தூருக்கு ஒருநாள் அழைத்துப்போய், மண்டல அறிவியல் மையத்தையும் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தையும் காட்டினார்கள். இரண்டுமே நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் அடைத்ததால், பூச்சிகளின் பெட்டி முன்னால் நின்ற பிள்ளைகளை "வாங்க, வாங்க" என்று துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, தேர்வு செய்யும் முறை. முதலாண்டில் பள்ளி தன் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் அழைப்பு விடுத்தது. பத்துப் பேருக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்றும் அறிவித்தது. நல்ல எண்ணம்தான். எங்கள் வீதியில் தறி ஓட்டும் ஒருவருடைய மகன் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகளின் வகுப்பையே படிக்கிறான். அறுந்த பாவு நூல் தறியில் நூல் நுழையும் எத்தனையாவது கண்ணுக்கு உரியது என்பதை எண்ணாமலே விரலால் தடவிச் சொல்லும் பையன். அவனையும் அழைத்துப் போனேன். வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கணக்குகள்கூட நான்கு வரிக் கதையாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. அவன் முக்கால் மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து, "கணக்கு என்னன்னு தெரிஞ்சா போட்டிருப்பேனுங்க அத்தை" என்றான். அந்த ஆண்டு வெளியிலிருந்து சேர்ந்தவர்கள் இருவர். இருவருமே வேறு ஆங்கிலவழிப் பள்ளிகளின் பிள்ளைகள்.

அந்தப் பள்ளியின் வரவேற்பறையில் இராமானுஜனின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. 1887-இல் ஈரோட்டில் பிறந்தவர் என்ற பெருமை அதன் கீழ் எழுதப்பட்டிருக்கிறது. கும்பகோணத்தில் கல்லூரி சேர்ந்த பிறகு, கணிதத்திலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தேறாமல் போனதால் உதவித்தொகையை இழந்தவரும் அவரேதான். படத்தின் கீழ் அதையும் எழுதி வைத்திருந்தால் வினாத்தாள் தயாரித்தவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும். ஒருங்கிணைப்பாளரிடம் இதைச் சற்றுக் காட்டமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை என்பதை நியாயமாகப் பதிவு செய்ய வேண்டும். சொற்களே இல்லாமல், படத்தொடரில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் தேர்வு முறை 1938-இலேயே ரேவன் என்ற ஆங்கிலேயரால் வெளியிடப்பட்டிருக்கிறது என்றும், உளவியலாளர் ஒருவரை அழைத்து அதைப் பயன்படுத்தலாம் என்றும் அவரே சொன்னார். இரண்டாம் ஆண்டில் அப்படித்தான் செய்தார்கள். அதனுடன் வகுப்பாசிரியரின் பரிந்துரைக் குறிப்பும், பிள்ளை தானாகச் செய்த ஏதேனும் ஒரு பொருளும் கேட்கப்பட்டன. எங்கள் வீதிப் பையன் அட்டைத் துண்டிலும் நூலிலும் ஒரு சிறு தறி செய்து எடுத்துப் போனான். இந்த முறை வெளியிலிருந்து ஆறு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் மூவர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள்.

சேர்ந்த பிறகும் சிக்கல் ஓயவில்லை. "சனிக்கிழமைன்னா தார் சுத்த ஆளில்லீங்க அக்கா, அவன் இருந்தாத்தான் ஓடும்" என்று அவனுடைய அப்பா தயங்கினார். தார் சுற்றுவது என்றால் நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலைச் சுற்றித் தருவது. பாதித் தள்ளுபடி போக மீதி 8,250 ரூபாயும் அந்தக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. பள்ளி வேன் சென்னிமலைக்கு வருகிறது, ஆனால் வெளிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதில்லை என்று முதலில் மறுத்தார்கள். மூன்று வாரம் நான் என் ஸ்கூட்டியில் இருவரையும் கொண்டுபோய் விட்ட பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள். தள்ளுபடி அறிவிக்கும் பள்ளிகள் போக்குவரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடங்கள் காலியாகவே கிடக்கும்.

இனி வார நாட்கள். 240 கொக்கிக் கணக்கில் மகள் மூழ்கியிருந்த அதே வாரத்தில், வகுப்பில் மூவிலக்கப் பெருக்கல் இருபது கணக்கு கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். "முடிச்சுட்டியா, அப்ப அடுத்த பக்கத்து இருபதையும் போடு" என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படி நான்கைந்து முறை நடந்த பிறகு அவள் மெதுவாகப் போடக் கற்றுக்கொண்டாள். "சீக்கிரம் முடிச்சா இன்னும் குடுப்பாங்கம்மா" என்று என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. ஏதோ ஓர் உபாயம் கண்டுபிடித்தவள்போல் சொன்னாள். ஆண்டுக்குப் பதினான்காயிரம் கட்டிச் சனிக்கிழமை வேகமாக யோசிக்கச் சொல்லித் தரும் அதே கட்டடத்தில், மற்ற ஐந்து நாட்களும் மெதுவாக நடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றால், அந்தச் சேவையின் மதிப்பைப் பாதியாகவே போட வேண்டியிருக்கிறது.

வகுப்பாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 38 பிள்ளைகள், அவர்களில் ஒன்பது பேருக்கு இன்னும் வாய்ப்பாடே தடுமாற்றம். "எல்லாருக்கும் போர்ஷன் முடிக்கோணுங்க, இவளுக்கு மட்டும் தனியா நான் எங்கீங்க போறது" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. விடை ஒருங்கிணைப்பாளரிடம் இருந்தது. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுலியும் அவரைப் பின்பற்றியவர்களும் பரப்பிய முறை அது: பாடம் தொடங்கும் முன்பே அதில் பத்துக் கேள்வி கொடுத்துப் பார்ப்பது, பெரும்பாலானவற்றைச் சரியாகச் செய்துவிட்ட பிள்ளைக்குப் பயிற்சிக் கணக்குகளைக் குறைத்து, மிஞ்சும் நேரத்தில் வேறு ஆழமான வேலை கொடுப்பது. இதே ரென்சுலிதான் 1978-இல், மீத்திறன் என்பது மதிப்பெண் அறிவு மட்டுமல்ல, சராசரிக்கு மேற்பட்ட திறனும், எடுத்த காரியத்தை விடாத பிடிப்பும், புதிதாய்ப் படைக்கும் இயல்பும் ஒன்றுகூடும் இடம் என்று எழுதியவர்.

இரண்டாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் கணக்குப் பாடத்துக்கு மட்டும் இதைச் செய்து பார்த்தார்கள். பத்துக்கு எட்டு என்று வரம்பு வைத்ததில் ஆறு பேர் தேறினார்கள். அவர்களில் இருவர் சனிக்கிழமை வகுப்பிலேயே இல்லாதவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அந்த அறுவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதிக் கொடுத்த அட்டைகளில் உள்ள புதிர்க்கணக்குகளைத் தமக்குள் பேசிப் போடுவார்கள். ஆசிரியருக்குக் கூடுதல் வேலை, பாடத்துக்கு ஒருமுறை அந்தப் பத்துக் கேள்வித் தாளைத் திருத்துவது மட்டுமே. மகள் மெதுவாகப் போடுவதை நிறுத்திவிட்டாள். தனிக் கட்டணம் இல்லாத, தனிப் பெயரும் இல்லாத இந்த ஏற்பாடுதான் இரண்டாண்டுகளில் அவளுக்கு மிகுந்த பயன் தந்தது என்று கணக்கு எழுதுகிறவளாகவே சொல்கிறேன்.

ஒரு வகுப்பைத் தாண்டி உட்கார வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். என் அப்பச்சி, அதாவது அம்மாவின் அப்பா, திண்ணைப் பள்ளியிலிருந்து போனவர், இரண்டாவதிலிருந்து நேரே நான்காவதுக்கு டபுள் புரமோஷன் வாங்கியவர் என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். முதல்வர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். வயதுக்கேற்ற வகுப்பு என்பதுதான் இப்போது நடைமுறை என்றார். தக்க பிள்ளையை வகுப்பு தாண்ட வைப்பதால் பொதுவாகக் கேடு விளைவதில்லை என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அறிஞர்கள் 2004-இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் எழுந்து நின்றால் பெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே வரும் என் மகளைப் பார்க்கும்போது, முதல்வரோடு நான் சண்டை பிடிக்கவில்லை.

வேறு வழி ஏதும் இல்லையா என்று கேட்பவர்களுக்காகச் சில வரிகள். தொடக்கப் பள்ளி வயதில் அரசு வழியாக மீத்திறன் மாணவருக்கென்று தனித் திட்டம் ஏதும் என் கண்ணில் படவில்லை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைக்கேற்பப் பயிற்சி உண்டு. மலர் நிலையையும் கடந்துவிட்ட பிள்ளைக்கு என்ன என்பது அந்தந்த ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தது. எங்கள் ஊர்த் தலைமையாசிரியை, நான்கு ஐந்தாம் வகுப்புக்கென்று வரும் ஊஞ்சல் என்ற சிறார் இதழை மூன்றாம் வகுப்பிலிருந்தே அந்தப் பையனிடம் கொடுத்துவந்தவர். ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில்தான் வருகிறது. ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதில். ஆறாம் வகுப்பில் சேர்க்கும் மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி தமிழ்நாட்டில் இல்லை. மீத்திறன் பிள்ளைகளுக்கென்று புனேயில் 1962-இல் தொடங்கிய ஞான பிரபோதினி என்ற கல்வி நிறுவனம் போன்ற ஒன்று கொங்கு நாட்டில் இருந்தால் நன்றாயிருக்கும். பனியனுக்கும் பம்புக்கும் மஞ்சளுக்கும் பணம் போட ஆளிருக்கிற பகுதி இது.

கண்காட்சித் திடல்களில் கூடாரம் போட்டு, விரல் ரேகையை எடுத்துப் பிள்ளையின் பிறவித் திறனைச் சொல்கிறோம் என்பவர்களிடமும் ஒருமுறை 3,500 ரூபாய் கொடுத்தேன். நாற்பது பக்க அறிக்கை வழவழப்பான தாளில் வந்தது. விரல் ரேகைக்கும் அறிவுத் திறனுக்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் சான்று எதுவும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு கொடுத்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். தெரியாமல் கொடுத்ததால் செலவுக் கணக்கில் எழுதிவிட்டேன்.

மீண்டும் பள்ளிக்கே வருகிறேன். சனிக்கிழமைப் பிள்ளைகளுக்குத் தனி நிறச் சட்டையும், "ஜீனியஸ்" என்று எழுதிய வட்டச் சின்னமும் முதலாண்டில் கொடுத்தார்கள். வேனில் மற்ற பிள்ளைகள் அதைச் சொல்லியே கேலி செய்தார்கள். போதாதென்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யார் பிள்ளை எந்த ஒலிம்பியாடில் எத்தனையாவது இடம் என்ற பேச்சு நள்ளிரவு வரை ஓடியது. சின்னத்தை இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். குழுவை நான் நிறுத்திவைத்திருக்கிறேன், என் கைப்பேசியில்.

இன்னமும் தீராத குறை ஒன்று உண்டு. இந்த வகுப்பில் மீத்திறன் என்றால் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும்தான். படைப்பெழுத்து என்று ஆறு வாரம் நடத்தினார்கள். ஊர் விடுகதை ஒன்றைத் தானே மாற்றிக் கட்டிக்கொண்டு போன என் மகளிடம், அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள், ஆனால் விடுகதை செத்துப்போயிற்று. வீதிப் பையன் அந்த ஆறு வாரமும் ஒன்றும் எழுதவில்லை. அவன் வாய் திறந்தால் கதை கொட்டும் என்பது எங்கள் வீதிக்கே தெரியும்.

மூன்றாம் ஆண்டுக்கான முதல் தவணையைக் கட்டிவிட்டேன். இந்த முறை கட்டணம் உயரவில்லை. பாடத்துக்கு முன் பத்துக் கேள்வி கொடுக்கும் அந்த முன்னறித் தேர்வை அறிவியலுக்கும் விரிவுபடுத்துவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. தமிழுக்கும் அதைச் செய்ய வேண்டும், சனிக்கிழமைகளில் ஆறு வாரத்தைத் தமிழுக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை.